லாரி வந்த தெரு

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானபோது தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகள் அதில் சேர்ந்தன. சிட்லபாக்கம், மாடம்பாக்கம் முதலான ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்தன. எங்கள் மேடவாக்கம் சேரவில்லை, கிராம ஊராட்சியாகவே நின்றது. அடுத்த மே மாதம் அந்தக் கிராமத்தின் தலைக்கு மேல், வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகும் வண்டிகளுக்காக இரண்டு கிலோமீட்டர் நீள மேம்பாலம் திறக்கப்பட்டது. மெட்ரோ ரயிலின் ஐந்தாம் வழித்தடமும் மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகிற வழியில் எங்கள் ஊரைத் தொட்டுத்தான் போகிறது. போலீஸ் விவகாரம் என்றால் 2022 ஜனவரி முதல் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம். தெருவிளக்கும் கால்வாயும் ஊராட்சி. வீட்டு வாடகை மட்டும் முழுக்க முழுக்கப் பட்டணம்.

இப்படி எல்லார் கைக்கும் பாதி எட்டுகிற ஊரில், எங்கள் தெருமுனையில் ஒரு தகரப் பலகை நிற்கிறது. "கனரக வாகனங்கள் உள்ளே நிறுத்தக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு, குடியிருப்போர் நலச் சங்கம்." சுற்றுப்பட்டில் வேங்கைவாசல், சித்தாலப்பாக்கம், கோவிலம்பாக்கம் என்று எந்தத் தெருவுக்குப் போனாலும் வாசகம் கொஞ்சம் மாறி இதே பலகையைப் பார்க்கலாம். அதில் எழுதியிருப்பது நியாயமான கோரிக்கைதான். ஆனால் அது யாரைப் பார்த்து எழுதியதோ அவர்களில் ஒருவர் இந்தத் தெருவின் மூத்த குடி. அவருடைய லாரி வந்த பிறகுதான் இங்கே தெருவென்று ஒன்று வந்தது. அதையும் சேர்த்துச் சொல்லாமல் இந்தப் பலகையைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

தொண்ணூறுகளின் முதல் பாதியில் நாங்கள் மனை வாங்கியபோது இங்கே தெரு என்பது இரண்டு வரிசை மனைக்கல்தான். கற்களுக்கு நடுவில் புல், மழை பெய்தால் சேறு, சேற்றைத் தாண்டினால் வயல். கூட்டு ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வருவோம். எங்கள் கடைக்கால் தோண்டின நாளில் நான் கேட்ட முதல் வண்டிச் சத்தம் ஒரு பழைய லேலண்ட் லாரியுடையது. பல்லாவரம் பக்கத்துக் கிரஷரிலிருந்து ஜல்லி ஏற்றிக்கொண்டு வந்தது. ஓட்டி வந்தவர் சங்ககிரிக்காரர். கல் லாரி ஓட்ட இந்தப் பக்கம் வந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அதே லாரியைச் சொந்தமாக வாங்கி, எங்கள் மனைக்கு எதிர்சாரியில் ஒரு மனையையும் வாங்கிப் போட்டிருந்தவர்.

"அம்மிணி, இந்த மண்ணுல லோடு வண்டி உள்ள வந்தா திரும்ப வெளிய போகாது. மொதல்ல ஒரு லோடு உடைகல் கொட்டிப் பாதை போட்டுக்கோணும்" என்றார் என்னைப் பார்த்து.

"அதுக்கு வேற காசு ஆகுமே அண்ணே."

"கல்லு நான் கொட்டறேன். பரத்தறதுக்கு ஆள் மட்டும் எல்லாருமாச் சேந்து புடிங்க."

அப்படித்தான் எங்கள் தெரு உருவானது. கிரஷரில் கழித்துப்போட்ட உடைகல்லைக் கொண்டுவந்து அவர் கொட்டினார். மனை வாங்கியிருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கூலி கொடுத்துப் பரப்பினோம். ஊராட்சி தார் போட்டது அதற்கு வெகுகாலம் கழித்து. அந்தக் கல்லின் மேல்தான் தார் படிந்திருக்கிறது. கால்வாய்க்குத் தோண்டும்போதெல்லாம் அந்தக் கருங்கல் இன்றைக்கும் வெளியே வருகிறது.

அப்போது லாரி வருவது தெருவுக்கே ஒரு நல்ல நாள். பாலாற்று மணல் வந்தால் ராத்திரியில்தான் வரும். டார்ச் விளக்கோடு எல்லா வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் எழுந்து வருவார்கள். வண்டி பின்னால் வரும்போது கிளீனர் பையன் பாடியைத் தட்டிக்கொண்டே "வா, வா, வா... ரைட்ல ஒடி... ஹோல்டேய்!" என்று குரல் கொடுப்பான். மணல் சரிகிற சத்தம் கேட்டதும் பிள்ளைகள் விழித்துக்கொள்வார்கள். காலையில் அந்தக் குவியல்தான் அவர்களுக்கு விளையாட்டு மைதானம். செங்கல், கம்பி, கதவு நிலை, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி என்று இந்த ஊரில் ஒரு வீடு எழும்புவதற்கு வேண்டிய எதுவும் லாரி இல்லாமல் உள்ளே வந்ததில்லை.

அண்ணனுடைய லாரி இரவில் நின்றது எங்கே என்று அன்றைக்கு யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. தெருவில் பாதிக்கு மேல் காலி மனை. வாங்கிப் போட்டுவிட்டு வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருந்தவர்களின் மனைகள். அதில் ஏதாவது ஒன்றில் லாரி நிற்கும். முன்சக்கரத்துக்கு இரண்டு கல் அண்டை கொடுத்திருப்பார். அந்த லாரி நிற்கிற மனையில் குப்பை கொட்ட மாட்டார்கள், வேலிக்கருவை மண்டாது, ராத்திரியில் வேண்டாத ஆள் வந்து உட்கார மாட்டான். மனைக்காரர்களே "அண்ணன் வண்டிய நம்ம இடத்துல போடச் சொல்லுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனதுண்டு.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். புறநகரின் லாரி நிறுத்தம் என்பது முப்பது வருஷம் காலி மனைகளின் தயவில் நடந்தது. அரசு அமைத்த இடத்தில் அல்ல, விதியின் பாதுகாப்பில் அல்ல, விற்காத நிலத்தின் மேல். அந்த நிலம் ஒவ்வொன்றாகக் கட்டடமாக மாற மாற, அதே லாரி, அதே ஆள், அதே நேரம், வண்டி மட்டும் மனையிலிருந்து தெருவுக்கு இறங்கியது. நேற்று வரை உதவியாக இருந்தது இன்று இடைஞ்சலாகத் தெரிவதற்குக் காரணம் லாரிக்காரரின் குணம் மாறியது அல்ல.

2015 டிசம்பர் வெள்ளத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பள்ளிக்கரணைப் பக்கமும் பெரும்பாக்கம் பக்கமும் தண்ணீர் ஏறி, எங்கள் தெருவில் இடுப்பளவு நின்றது. கார்கள் மிதந்தன. மின்சாரம் இல்லை, போன் இல்லை. அண்ணனிடம் அப்போது இருந்தது மூன்றாவது லாரி. அதன் தளம் தண்ணீருக்கு மேலே இருந்தது. அவரும் பெரிய பையனும் வண்டியைத் தெருவுக்குள் எடுத்து, டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரை முதலில் ஏற்றினார்கள். பிறகு கைக்குழந்தைக்காரிகள், பிறகு நாங்கள். வீட்டு நாற்காலியைத் தண்ணீரில் நட்டு, அதன் மேல் கால் வைத்துப் பின்பலகை வழியாக ஏறினோம். தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கூட்டு ரோடு மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். யாரிடமும் டீசல் காசு வாங்கவில்லை. கொடுக்கப் போனவர்களிடம் அண்ணனின் மனைவி, "அவரு கோவிச்சுக்குவாரு, வேண்டாங்" என்றார்.

இனி மறுபக்கம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

எங்கள் தெருவின் அகலம் மனைப்பிரிவு வரைபடத்தில் 24 அடி. இரண்டு பக்கமும் கால்வாய்க்கு இரண்டிரண்டு அடி போனால் 20. வீட்டுக்கு வீடு கார் ஏற்ற சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். அது ஒவ்வொரு பக்கமும் இரண்டரை அடி தெருவைத் தின்கிறது. மிச்சம் 15 அடி. ஒரு லாரியின் அகலம் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 2.6 மீட்டர் வரை இருக்கலாம், அதாவது எட்டரை அடி. கண்ணாடி அதற்கு வெளியே. லாரி ஓரமாக நின்றாலும் மிஞ்சுவது ஆறரை அடி. ஆட்டோ போகும், சின்ன கார் ஓட்டுநரின் கைத்திறமையைப் பொறுத்துப் போகும். 108 ஆம்புலன்ஸ் போகாது. தீயணைப்பு வண்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அதுவும் லாரி சேஸிஸ் மேல் கட்டியதுதான், அதற்கும் அதே எட்டரை அடி வேண்டும்.

ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாமல் போனதும் நடந்துவிட்டது. பின் கட்டடத்தில் குடியிருந்த ஒருவருக்கு விடியற்காலையில் மார்வலி. ஆம்புலன்ஸ் தெருமுனை வரை வந்தது. உள்ளே ஒரு தண்ணீர் லாரியும் எதிரே ஒரு காரும் நின்றன. லாரி ஓட்டுநர் எங்கோ படுத்திருக்கிறார், போன் எடுக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் நோயாளியை உட்கார வைத்து நான்கு பேர் தெருமுனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துவிட்டார். ஆனால் அவர் மனைவி அந்த நாற்காலிக்குப் பின்னாலேயே வெறுங்காலோடு ஓடியதைப் பார்த்தவர்கள் யாரும் அந்தப் பலகையைத் தப்பென்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை.

எடை இன்னொரு விஷயம். 12,000 லிட்டர் தண்ணீர் என்றால் தண்ணீர் மட்டும் 12 டன். இரண்டு அச்சு லாரிக்கு மொத்த எடை 16.2 டன் வரை என்று இருந்ததை 2018-ல் மத்திய அரசு 18.5 டன்னாக உயர்த்தியது. நெடுஞ்சாலையை மனதில் வைத்துச் செய்த மாற்றம் அது. ஊராட்சித் தெருவின் கால்வாய் மூடி அந்தக் கணக்கில் கிடையாது. எங்கள் தெருவில் உடைந்து கிடக்கிற மூடிகள் அத்தனையும் லாரிகள் திரும்புகிற இடத்தில்தான் உடைந்திருக்கின்றன. ஒரு பாட்டி அதில் கால் மாட்டி எலும்பு முறிந்து கிடந்தார்.

பிறகு சத்தம். விடியற்காலை நாலரை மணிக்கு லாரியைக் கிளப்பிவிட்டு உடனே எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே, ஏன் பத்து நிமிஷம் உறுமவிட்டு எங்கள் படுக்கையறைக்குள் புகை அடிக்கிறார்கள் என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். ஏர் பிரேக் வண்டியில் தொட்டியில் காற்று ஏறினால்தான் பிரேக் வேலை செய்யும். பழைய வண்டிகளில் ராத்திரி முழுக்கக் காற்று கசிந்து, காலையில் முள் கீழே கிடக்கும். அது மேலே ஏறுகிற வரைக்கும் எஞ்சின் ஓடித்தான் ஆக வேண்டும். அதற்கு முன்னால் எடுத்தால் தெருவில் நிற்கிறவர்களுக்குத்தான் ஆபத்து. இதை அண்ணன் எனக்கு டேஷ்போர்டு முள்ளைக் காட்டியே விளக்கியிருக்கிறார். அதனால் சத்தம் குறையாது, ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குப் புகை நல்லதாகிவிடாது. ஆனால் அது ஓட்டுநரின் அகம்பாவம் இல்லை என்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

2025 ஜூனில் பெரம்பூரில் அம்மாவோடு ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போன பத்து வயதுச் சிறுமி தண்ணீர் லாரி மோதி இறந்துபோனாள். அந்தச் செய்திக்குப் பிறகு எங்கள் ஊரிலும் தாய்மார்களுக்கு லாரியைப் பார்த்தாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அந்தப் பயத்தோடு யாரும் வாதாட முடியாது.

ஆகவே விதி வேண்டும். என்ன விதி இருக்கிறது என்று ஆற அமரப் படித்துப் பார்த்தேன்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு, பொது இடத்தில் மற்றவர்களுக்கு ஆபத்தோ தடையோ அளவுக்கு மீறிய தொந்தரவோ உண்டாகும்படி வண்டியை நிறுத்தக் கூடாது என்கிறது. 2017-இல் வந்த ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சந்திப்பு, வளைவு, நடைபாதை, வீட்டு வாசல் மறிப்பு என்று எங்கெல்லாம் நிறுத்தக் கூடாது என்பதைச் சொல்கின்றன. 201-ஆம் பிரிவு முன்பு பழுதாகி நின்று போக்குவரத்தை மறிக்கும் வண்டிக்கு மட்டும் மணிக்கு 50 ரூபாய் என்று இருந்தது. 2019 திருத்தத்தில் பழுது என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு 500 ரூபாய் வரை என்று ஆக்கினார்கள். பொதுவழியை மறிப்பவருக்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 283-ஆம் பிரிவில் 200 ரூபாய் வரை அபராதம் இருந்தது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவில் அது 5,000 ரூபாய் வரை.

வண்டியை இழுத்துப் போக 127-ஆம் பிரிவு இருக்கிறது. பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று விடப்பட்டிருந்தாலோ, நிறுத்தம் சட்டப்படி தடை செய்யப்பட்ட இடத்தில் நின்றாலோ சீருடையில் இருக்கும் காவல் அதிகாரி அப்புறப்படுத்தச் சொல்லலாம். எங்கள் தெருவில் இரவு பத்துக்கு வந்து விடியற்காலை ஐந்துக்குப் போகிற லாரி ஏழு மணி நேரம்தான் நிற்கிறது. பத்து மணி நேரக் கணக்கு அதைத் தொடாது. இரண்டாவது காரணம் பொருந்த வேண்டுமானால் தெரு, சட்டப்படி தடை செய்யப்பட்ட இடமாக இருக்க வேண்டும். எங்கள் சங்கத்தின் தகரப் பலகையால் அது ஆகாது. சாலைக் குறிகளை நடும் அதிகாரம் அரசுக்கும் அரசு அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும்தான் என்று 116-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்லிவிடுகிறது. பலகையைப் பார்த்துப் பயந்து போகிறவர் போகிறார், வெளியூர் லாரி நின்றுகொண்டேதான் இருக்கிறது. நம்மை மதித்துப் போனவர்களில் முதல் ஆள், தெருவுக்குக் கல் கொட்டியவர்.

இதையெல்லாம் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் இரண்டு பிரிவுகள் கண்ணில் பட்டன. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அவை இரண்டும்தான்.

ஒன்று 77-ஆம் பிரிவு. சரக்கு வாகன பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும்போது என்னென்ன விவரம் தர வேண்டும் என்று அது வரிசையாகச் சொல்கிறது. எந்தப் பகுதி, எந்த வகை வண்டி, என்ன சரக்கு. அதற்கு அடுத்து, வண்டியை வைத்திருப்பதற்கும் பராமரிப்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் என்ன ஏற்பாடு செய்யப் போகிறீர்கள் என்ற விவரம். அதாவது இந்த லாரி இரவில் எங்கே நிற்கும் என்ற கேள்வி 1988-லிருந்தே சட்டத்தில் இருக்கிறது. நாம் அதை ஒரு நாளும் உரக்கக் கேட்டதில்லை. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு 66-ஆம் பிரிவு பெர்மிட்டிலிருந்தே விலக்குக் கொடுக்கிறது. 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு தெருவுக்குத் தெரு நிற்கிற குட்டி யானைகளிடம் அந்தக் கேள்வி காகிதத்தில்கூடக் கேட்கப்படுவதில்லை.

இன்னொன்று 117-ஆம் பிரிவு. மாநில அரசோ, அது அதிகாரம் கொடுத்த அமைப்போ, உள்ளாட்சியைக் கலந்துகொண்டு, வண்டிகள் எந்தெந்த இடத்தில் நிற்கலாம் என்று தீர்மானிக்கலாம். எங்கே நிற்கக் கூடாது என்பதற்கு இத்தனை பிரிவுகளைத் தேடிப் போகிறோம். எங்கே நிற்கலாம் என்று தீர்மானிக்கிற பிரிவு நம் வட்டாரத்தில் ஆட்டோ நிறுத்தத்தோடும் வேன் நிறுத்தத்தோடும் நின்றுவிடுகிறது. ஊராட்சிச் சட்டத்திலும் வண்டிப்பேட்டை அமைத்துக் கட்டணம் வாங்க வழி உண்டு. சந்தை கூடுகிற ஊர்களில் அந்தக் காலத்தில் மாட்டுவண்டிக்கு ஒரு தோப்பு, தண்ணீர்த் தொட்டி, வண்டிக்காரன் தலை சாய்க்கத் திண்ணை என்று ஊரே ஒதுக்கி வைத்திருந்தது. ஒரு வண்டிக்கு இரண்டு மாடு இருந்தபோது அதற்கு இடம் தேவை என்று புரிந்தவர்களுக்கு, பதினெட்டு டன் வண்டிக்கு இடம் தேவை என்பது புரியாமலா போய்விடும்?

பக்கத்து உதாரணத்துக்குச் சிங்கப்பூரைப் பார்க்கலாம். அங்கே கனரக வாகனம் வைத்திருப்பவர் அதற்கென்று உள்ள நிறுத்துமிடத்தில் ஓர் இடத்தைப் பிடித்து, அதற்கான சான்றிதழ் வைத்திருந்தால்தான் சாலை வரியைப் புதுப்பிக்க முடியும். பிரிட்டனில் 1995 சட்டத்தின்படி லாரித் தொழில் நடத்த உரிமம் வேண்டும். அதற்கு லாரி வழக்கமாக நிற்கும் இடத்தை முன்கூட்டியே காட்ட வேண்டும், உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், சுற்றி வசிப்பவர்கள் சத்தம், புகை என்று காரணம் சொல்லி ஆட்சேபிக்கலாம். லாரி தெருவுக்கு வந்து சண்டை மூண்ட பிறகு பேசுவதில்லை, லாரி வருமுன்பே பேசிவிடுகிறார்கள். நம் 77-ஆம் பிரிவிலும் அதற்கான விதை இருக்கிறது.

வெளிநாடு எதற்கு, நம் பக்கத்திலேயே செய்திருக்கிறார்கள். ஜார்ஜ் டவுன் நெரிசலுக்குத் தீர்வாக சி.எம்.டி.ஏ. மாதவரத்தில் லாரி முனையம் கட்டியது. அது நகரத்தின் வடகோடி, மேடவாக்கத்து லாரிக்காரர் வண்டியை அங்கே விட்டுவிட்டு வீட்டுக்கு எப்படி வருவார்? கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறந்த பிறகு, ஆம்னி பேருந்துகள் நிற்க இடமில்லை என்ற பேச்சு வந்தது. முடிச்சூரில் அவற்றுக்கென்று நிறுத்தகம் கட்டினார்கள், ஓட்டுநர்கள் படுத்து எழும்ப இடத்தோடு. மேடவாக்கத்திலிருந்து அரை மணி, முக்கால் மணி தூரம். ஆம்னி பஸ் ஓட்டுநருக்குப் புரிந்துகொள்ளப்பட்ட தேவை தண்ணீர் லாரி ஓட்டுநருக்கும் டிப்பர் ஓட்டுநருக்கும் அப்படியே பொருந்தும். பகலில் கனரக வண்டிகள் நகருக்குள் போகத் தடை. அந்தத் தடை நியாயமானது. ஆனால் தடை நேரத்தில் அந்த வண்டிகள் காற்றில் கரைந்துவிடுவதில்லை, எல்லைக்கு வெளியே எங்காவது நிற்கின்றன. அந்த எங்காவது என்பது நாங்கள்தான்.

2019 கோடையை நினைத்துப் பார்க்கிறேன். சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம். அப்போது எங்கள் தெருவின் அடுக்குமாடிகளில் யாரும் லாரி ஏன் இங்கே நிற்கிறது என்று கேட்கவில்லை. லாரி எப்போது வரும் என்று விடிய விடிய போன் போட்டார்கள். அண்ணனின் பெரிய பையன் அந்த வருஷம்தான் தண்ணீர் லாரிக்கு மாறினான். ஒரு நடை போய் வரிசையில் நின்று நிரப்பிக்கொண்டு வருவதற்குள் பாதி ராத்திரி போய்விடும். கேபினிலேயே படுத்துக்கொள்வான். அவன் கொண்டுவந்த தண்ணீரும் ஏதோ ஒரு பக்கத்து ஊரின் நிலத்தடி நீர்தான், அந்த ஊர்க்காரர்களின் வயிற்றெரிச்சலும் நியாயமானதுதான். அது தனியாக எழுத வேண்டிய சங்கதி.

பலகை நட்ட பிறகு அண்ணன் எதுவும் சொல்லவில்லை. வண்டியை மாம்பாக்கம் சாலையில் ஒரு தனியார் யார்டில் மாத வாடகைக்கு விடச் சொல்லிப் பையனிடம் சொல்லிவிட்டார். பையன் யார்டிலிருந்து பைக்கில் வருகிறான். போன முறை பேட்டரியைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள், அதற்கு முந்தின மாதம் டீசல். "வீட்டு வாசல்ல நின்னப்ப ஒரு ஸ்பேனர் போனதில்ல அத்தை" என்றான் என்னிடம். அவன் குழந்தைக்கு இரண்டு வயது. அதே குழந்தை நடை பழகுவதும் இந்தத் தெருவில்தான் என்பதால் லாரி உள்ளே வர வேண்டாம் என்பதில் அவனுக்கும் மறுப்பில்லை. "எங்கயாச்சும் ஒரு எடம் காட்டச் சொல்லுங்க. வாடக குடுக்கறோம். வேலியும் வெளிச்சமும் ஒரு வாட்ச்மேனும் இருந்தாப் போதும்."

இடம் எது என்பதுதான் கடினம். இந்தப் பக்கத்தில் இன்னும் காலியாகத் தெரிவது ஏரிப் புறம்போக்கும் சதுப்பு நிலத்தின் விளிம்பும்தான். கொஞ்சம் மண்ணடித்தால் இருநூறு லாரி நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்கவே கூடாது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலில் இல்லாவிட்டாலும் 2015-ல் எங்கள் தெருவுக்குள் வந்த தண்ணீர் போயிருக்க வேண்டிய இடம் அது. லாரியைத் தெருவிலிருந்து எடுத்து ஏரியில் போட்டால் அடுத்த மழையில் தெருவுக்கே திரும்பி வரும், தண்ணீராக.

என் மனதில் இருப்பது பெரிய முனையம் அல்ல. பிரதான சாலையில் பகலில் மட்டும் இயங்கும் பெரிய கடைகளும் கல்யாண மண்டபங்களும் கிடங்குகளும் இருக்கின்றன. அவற்றின் வண்டி நிறுத்துமிடம் இரவு பத்துக்கு மேல் வெறுமனே பூட்டிக் கிடக்கிறது. ஊராட்சி நடுவில் நின்று கட்டணம் பேசி, காவல் ஆணையரகம் 117-இன் கீழ் அறிவித்துவிட்டால், பத்து லாரிகள் ஒரு இடத்தில், பத்து இன்னொரு இடத்தில் என்று பிரித்துவிடலாம். அதே ஆணையில், எந்த அகலத்துக்குக் குறைவான தெருவில் கனரக வண்டி இரவில் நிற்கக் கூடாது என்பதும் சட்டப்படியான தடையாக வந்துவிட வேண்டும். சரக்கு இறக்கவும் தண்ணீர் விடவும் நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும், பள்ளி நேரம் தவிர்த்து. சாய்தளம் கட்டித் தெருவை இரண்டரை அடி விழுங்கியவர்களையும் அந்த ஆணை தொட வேண்டும். லாரிக்காரருக்கு மட்டும் தெருவின் அகலத்தைப் பற்றிப் பாடம் எடுக்க முடியாது.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மாநகராட்சியில் இல்லாத ஊருக்கு உள்ள பெரிய உரிமை அது, கூட்டத்தில் எழுந்து நின்று தீர்மானம் கேட்கலாம். நானும் அண்ணனின் பையனும் ஆம்புலன்ஸ் வர முடியாமல் போன அந்த வீட்டு அம்மாவும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்திட்டிருக்கிறோம். அவரிடம் கேட்கப் போகும்போது எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. மனுவை முழுக்கப் படித்துவிட்டு, "எடம் இல்லாம போகச் சொன்னா அடுத்த தெருவுலதான் போய் நிப்பாங்க. அங்கயும் ஒருத்தருக்கு நெஞ்சு வலி வரும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மனுவின் பிரதிகள் என்னிடம் இருக்கின்றன. வேங்கைவாசலிலும் சித்தாலப்பாக்கத்திலும் பெரும்பாக்கத்திலும் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வரும் கிராம சபையில் கொடுக்கலாம். நான்கு ஊராட்சிகள் சேர்ந்து கேட்டால் ஆணையரகமும் மாவட்ட ஆட்சியரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.